ஜூலியட்டின் செவிலிக்கு இரண்டு பண்புநலன் போதுமா?



இரண்டு வாரங்களாக இங்கு எதுவும் எழுத இயலவில்லை. பள்ளிப் போட்டி விளையாட்டு, மதிப்பீட்டுத் தாள் திருத்தம் என நாள்கள் ஓடிவிட்டன. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சினம். சினத்தோடு பேனாவைத் தொடாதே என்பார் பயிற்சிக் கழகத்தில் எனக்குத் தமிழ் கற்பித்த விரிவுரையாளர். அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

சென்ற சனிக்கிழமை மாலை, என்னுடைய பழைய மாணவி ஒருத்தி காப்பாரில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆறாம் ஆண்டு வரை என்னிடம் தமிழ் படித்தவள்; இப்போது தனியார் கல்லூரி ஒன்றில் புகுமுக வகுப்பில் ஆங்கில இலக்கியத்தையும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகம் அவளுக்குப் பாடநூல். கையில் ஒரு கோப்பு. அதைத் திறந்து காட்டி, "டீச்சர், இதையெல்லாம் மனப்பாடம் பண்ண ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டாள்.

பார்த்தேன். இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணை. இடப்பக்கம் கதைமாந்தர், வலப்பக்கம் பண்புநலன். ரோமியோ: உணர்ச்சிவயப்படுபவன், அவசரக்காரன். ஜூலியட்: துணிச்சல் மிக்கவள், உண்மையானவள். பாதிரியார்: நல்லெண்ணம் கொண்டவர். செவிலி: நகைச்சுவையானவள், விசுவாசமானவள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சான்று' என்று ஒரு வரி.

இந்த அட்டவணையை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்கவில்லை. தேவையும் இல்லை. அது என் கைவேலை. வண்ணம் மட்டுந்தான் வேறு.

ஆம். யூ.பி.எஸ்.ஆர். காலத்தில், 'இக்கதையில் வரும் முதன்மைக் கதைமாந்தரின் பண்புநலன்கள் இரண்டனை எழுதுக' என்ற வினாவுக்காக நானும் நீங்களும் ஆண்டாண்டாய் இதே அட்டவணையைத்தான் வெண்பலகையில் வரைந்தோம். பண்புநலன் சொற்பட்டியல் ஒன்றைப் படியெடுத்துக் கொடுத்தோம். அன்பானவர், பொறுப்பானவர், விடாமுயற்சியுடையவர், சுயநலவாதி, பேராசைக்காரர் என்று முப்பது சொற்கள். எந்தக் கதை வந்தாலும் அப்பட்டியலில் இரண்டைப் பொறுக்கி வைத்தால் மதிப்பெண் உறுதி. கதையைப் படிக்காமலேகூட விடை எழுதலாம் என்பதைக் கண்டுபிடித்த மாணவர்களும் உண்டு. அவர்களைக் கெட்டிக்காரர்கள் என்று பாராட்டியும் இருக்கிறேன்.

அத்தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. அட்டவணை நீங்கவில்லை. நம் பயிற்சி நூல்களில் இன்றும் சப்பணமிட்டு அமர்ந்திருக்கிறது. பிள்ளையோடு இடைநிலைப் பள்ளிக்குப் போகிறது. கல்லூரி வரை போய் ஜூலியட்டின் கழுத்தையும் பிடித்திருக்கிறது.

இது தீங்கு என்கிறேன். சிறிய தீங்குமன்று. ஏன் என்று விளக்க, அந்த நாடகத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

*

வெரோனா நகரத்தில் பகை கொண்ட இரண்டு குடும்பங்கள். மொண்டெக்யூ வீட்டுப் பையன் ரோமியோ, கப்புலெட் வீட்டுப் பெண் ஜூலியட். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் சந்திக்கிறார்கள். திங்கட்கிழமை பாதிரியார் முன்னிலையில் மறைவாகத் திருமணம். அன்றே தெருச்சண்டையில் கொலை. வியாழன் விடியுமுன் இருவரும் கல்லறையில் பிணமாகக் கிடக்கிறார்கள். ஐந்து நாள் கதை. ஷேக்ஸ்பியர் கதைக்கருவை எடுத்த ஆர்தர் புரூக்கின் நெடும்பாட்டில் (1562) இது பல மாதங்கள் நீளும். அவர் அதை நாள்கணக்காகச் சுருக்கினார். ஜூலியட்டின் வயதையும் குறைத்தார். புரூக்கின் பெண்ணுக்குப் பதினாறை நெருங்கும் வயது. ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்குப் பதினான்கு நிறைய இன்னும் இரண்டு வாரமும் சில நாளும் இருக்கின்றன.

பதின்மூன்று வயது! நம் ஆறாம் ஆண்டு வகுப்பறையிலிருந்து கடந்த ஆண்டு பை தூக்கிக்கொண்டு வெளியேறிய பிள்ளையின் வயது. அவளைத் 'துணிச்சல் மிக்கவள்' என்ற கட்டத்துக்குள் போட்டு மூடிவிட்டால் மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது? மாறாக, அவள் எப்போது துணிந்தாள், எப்போது அஞ்சினாள் என்று கேட்டுப் பாருங்கள். மாடத்தில் நின்று பேசும் இரவில், இது மிக விரைவு, மிகத் திடீர் என்று தயங்குபவள் அவள்தான். அதே உரையாடலில், உன் எண்ணம் திருமணமானால் நாளை ஆள் வழியாகச் செய்தி அனுப்பு என்று நடைமுறை பேசுபவளும் அவள்தான். ரோமியோவோ நிலவின் மீது ஆணையிட்டுக்கொண்டிருக்கிறான். அந்த ரோமியோ நாடகம் தொடங்கும்போது ரோசலின் என்ற வேறொருத்திக்காக உருகிக்கொண்டிருந்தவன் என்பதையும் மறந்துவிடக் கூடாது. (என் மாணவியின் அட்டவணையில் ரோசலின் இல்லை. மேடைக்கு வராதவள் தேர்விலும் வரமாட்டாள் போலும்.)

அடுத்து அவள் தந்தை. அட்டவணை அவரைக் 'கொடுமைக்காரத் தந்தை' என்கிறது. சான்றாக, மூன்றாம் அங்கத்தில் அவர் மகளை வீட்டைவிட்டுத் துரத்துவேன் என்று சீறும் இடம். சரி, முதல் அங்கத்தை என்ன செய்வது? அங்கே, மணமகன் பாரிஸ் பெண் கேட்டு வரும்போது, இன்னும் இரண்டு கோடை போகட்டும், அவள் சிறுபிள்ளை, முதலில் அவள் மனத்தை வெல், என் சம்மதம் அதற்குப் பிறகுதான் என்று சொல்பவரும் இவரே. நானூறு ஆண்டுக்கு முந்திய தந்தை ஒருவர் பேசும் பேச்சா இது! நம் வட்டாரத்தில் இன்றும் சிலர் வாயில் இது வராது.

ஞாயிற்றுக்கிழமை இப்படிப் பேசியவர் திங்கள் இரவே வியாழக்கிழமைக்குக் கல்யாணம் குறிக்கிறார். நடுவில் என்ன நடந்தது? அவர் வீட்டுப் பையன் டிபால்ட் தெருவில் கொல்லப்பட்டான். வீட்டில் இழவு, மகள் அறைக்குள் அழுதபடி கிடக்கிறாள், மருமகன் இறந்ததற்காக அழுகிறாள் என்று நினைக்கிறார், கணவன் நாடு கடத்தப்பட்டதற்காக அழுகிறாள் என்பது தெரியாது. ஒரு நல்ல காரியம் நடந்தால் வீட்டின் துயரம் தீரும் என்று எண்ணுகிறார். அவள் மறுத்ததும் வெடிக்கிறார். மறுநாள் அவள் மன்னிப்புக் கேட்டு இணங்குவதுபோல நடித்ததும், மகிழ்ச்சி தாங்காமல் திருமணத்தைப் புதன்கிழமைக்கே முன்தள்ளுகிறார். அந்த ஒரு நாள் குறைந்ததால்தான் ஜூலியட் செவ்வாய் இரவே மருந்தைக் குடிக்க நேர்கிறது. கோபம் பாதி, மகிழ்ச்சி பாதி. இரண்டும் சேர்ந்து மகளைக் கல்லறைக்கு இட்டுச் செல்கின்றன. இவரைக் 'கொடுமைக்காரர்' என்று எழுதினால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். இவரைப் புரிந்துகொண்டால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வரும் நாம் எல்லாருமே கொஞ்சம் வாயடைத்து நிற்போம்.

என்னை மிகவும் வருத்தியது செவிலிதான். 'நகைச்சுவையானவள்.' அவள் வளவளவென்று பேசுவாள், சிரிப்பு வரும், உண்மைதான். அவள் முதலில் பேசத் தொடங்கும்போதே என்ன சொல்கிறாள் தெரியுமா? தனக்குச் சூசன் என்றொரு மகள் இருந்தாளாம். ஜூலியட்டும் சூசனும் ஒரே வயதாம். சூசன் இறைவனிடம் போய்விட்டாளாம். தன் பிள்ளையைப் புதைத்துவிட்டு எசமானர் பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்த்த ஏழைப் பெண். ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சிரிப்புக் கதைக்குப் போய்விடுகிறாள். அந்த ஒரு வாக்கியத்தைப் படித்த பிறகும் 'நகைச்சுவையானவள்' என்று எழுதக் கைவருமா? இரண்டாவது சொல் 'விசுவாசமானவள்'. தூது போனாள், நூலேணி கொண்டுவந்து கொடுத்தாள், அது சரி. ஆனால் ரோமியோ நாடு கடத்தப்பட்டு, தந்தை மிரட்டிவிட்டுப் போனபின், ஜூலியட் ஆறுதல் கேட்டு அவளிடம் திரும்பும்போது, பேசாமல் பாரிஸை மணந்துகொள் என்கிறாள். அந்தக் கணத்தில் ஜூலியட் இவ்வுலகில் தனியள் ஆகிறாள். துரோகமா? அல்லது, அனுபவித்த ஏழைக்கிழவி ஒருத்தி, பிழைத்தால் போதும் மகளே என்று சொன்ன சொல்லா? எனக்கே தெரியவில்லை. தெரியாத இடத்தில்தான் வகுப்பு தொடங்க வேண்டும் என்பேன்.

*

இங்கே நம் கையிலேயே இருக்கும் ஒரு கருவியை நாம் மறந்துவிட்டோம். அகத்திணை.

நம் முன்னோர் காதல் கதைமாந்தரை எப்படிப் பிரித்தார்கள்? தலைவன், தலைவி, தோழி, பாங்கன், செவிலி, நற்றாய். அன்பானவர், அவசரக்காரர் என்று பிரிக்கவில்லை. யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரிடம் எதைச் சொல்லலாம், எப்போது சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. அதில் ஒரு துறை, அறத்தொடு நிற்றல். தலைவி தன் காதலைத் தோழியிடம் சொல்வாள். தோழி செவிலியிடம் சொல்வாள். செவிலி நற்றாயிடம் சொல்வாள். நற்றாய் வழியாகத் தந்தைக்கும் தமையன்மாருக்கும் செய்தி போகும். உண்மையை உரியவரிடம் உரிய நேரத்தில் சொல்லி, பெண்ணின் பக்கம் நிற்பதற்குத் தமிழர் இட்ட பெயரைப் பாருங்கள்: அறம்!

இப்போது இந்த விளக்கை எடுத்துக்கொண்டு வெரோனாவுக்குள் போங்கள். ஜூலியட் தன் செவிலியிடம் சொன்னாள். சங்கிலியின் முதற்கண்ணி இருந்தது. செவிலி நற்றாயிடம் சொல்லவில்லை. இறுதிவரை சொல்லவில்லை. பாரிஸுடன் கல்யாணம் குறித்த அந்த நேரத்தில், 'அம்மா, அவளுக்கு மணமாகிவிட்டது' என்ற ஒரே சொல்லைச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருந்தாள், வாய் திறக்கவில்லை. பாதிரியாரும் சொல்லவில்லை, ஊரே மதிக்கும் மனிதர், இரண்டு குடும்பமும் ஒன்றாகும் என்ற நல்ல எண்ணத்தில் மணம் செய்துவைத்தவர், சொல்வதற்குப் பதிலாக மருந்து கலக்கினார். கடைசியில் கல்லறையில் விழித்தெழுந்த சிறுமியைத் தனியே விட்டுவிட்டு, காவலர் வரும் ஓசை கேட்டு ஓடினார். எல்லாரும் இறந்த பிறகு நின்று நீளமாக எல்லாவற்றையும் சொல்கிறார். காலம் கடந்த அறத்தொடு நிற்றல்!

இந்த நாடகத்துக்கும் குறிஞ்சிப்பாட்டுக்கும் தொடர்பு இல்லை. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. நம் பிள்ளைகள் உலக இலக்கியத்துக்குள் நுழையும்போது வெறுங்கையோடு போக வேண்டியதில்லை என்கிறேன்.

குறிஞ்சிப்பாட்டைச் சொன்னதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 261 அடிகள் கொண்ட அப்பாட்டு முழுவதும் ஒரு தோழி செவிலியிடம் அறத்தொடு நிற்பதுதான். கபிலர் அதை யாருக்காகப் பாடினார் என்று பழங்குறிப்புச் சொல்கிறது? ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காக. வேற்றுமொழிக்காரன் ஒருவனுக்குத் தமிழ் கற்பிக்க அந்தப் பெருந்தமிழாசிரியர் தேர்ந்தெடுத்த பாடம், இளம் பெண்ணொருத்தியின் காதல். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கீழே வருகிறேன்.

*

ஆண்டிறுதி மதிப்பீடு முடிந்து பிள்ளைகள் சும்மா அமர்ந்திருந்த வாரத்தில், ஆறாம் ஆண்டுக்கு அம்பிகாபதி கதையைச் சொன்னேன். நான்கு நாளிகை எடுத்தது. கம்பர் மகன் அம்பிகாபதி, சோழ மன்னன் மகள் அமராவதி. வரலாறு என்று யாரும் சத்தியம் செய்ய முடியாத செவிவழிக் கதை. ஆனால் எங்கள் குடும்பத்தில் அது வரலாறுதான். என் தாத்தா தோட்டத்துத் திருவிழா மேடையில் கம்பராக வேடம் கட்டியவர். நாடகம் முடிந்த பிறகும் யார் மீது குற்றம் என்று லயத்து வாசலில் வாதிட்டுக்கொண்டே இருப்பார்களாம். விடியற்காலைப் பெரட்டுக்கு மணி அடித்தால்தான் கலைவார்களாம். பள்ளிப் படிப்பு இல்லாத பால்மரத் தொழிலாளர்கள்! அவர்களுக்கு யாரும் பண்புநலன் பட்டியல் படியெடுத்துக் கொடுக்கவில்லை. அதனால்தான் விடியும்வரை பேச முடிந்தது.

ரோமியோவுக்கும் அம்பிகாபதிக்கும் தமிழில் ஒரு நேரடி உறவும் உண்டு. 1937-இல் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்து வெளிவந்த 'அம்பிகாபதி' படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் அறியாதவர். ஷேக்ஸ்பியர் நாடகத்தின் காதற்காட்சிகளை வசனகர்த்தா இளங்கோவனிடம் கொடுத்து, அவற்றைத் தழுவித் தமிழில் எழுதச் சொன்னார். அந்தப் படம் ஓராண்டு ஓடியது. மீண்டும் 1957-இல் சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்தார்கள். நம் பாட்டன் பாட்டி கொட்டகையில் அழுதது பாதி வெரோனாவுக்காகவும்தான்.

கதையின் உச்சம் உங்களுக்குத் தெரியும். அரசவையில் போட்டி. சிற்றின்பக் கலப்பு இல்லாமல் நூறு பாடல் பாடினால் உயிரும் அமராவதியும், தவறினால் மரணம். திரைக்குப் பின்னால் அமராவதி எண்ணிக்கொண்டிருக்கிறாள். காப்புச் செய்யுளையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணிவிட்டாள். தொண்ணூற்றொன்பது முடிந்ததும் நூறு முடிந்ததென்று வெளியே வந்தாள். அவளைக் கண்ட மகிழ்ச்சியில் அவன் அவளையே பாடிவிட்டான். தலை போயிற்று. (குறிஞ்சிப்பாட்டின் மலர்களும் தொண்ணூற்றொன்பது என்பார்கள். அந்த எண்ணில் தமிழுக்கு என்ன வழக்கோ!)

அட்டவணை வரையாமல், "யார் மீது தவறு?" என்று மட்டும் கேட்டேன்.

கடைசி வரிசைப் பையன் எழுந்தான். வாய் திறந்தாலே குறும்பு. "காப்புச் செய்யுளும் பாட்டுத்தானே டீச்சர்? அத ஏன் கணக்குல சேர்க்கல?" இன்னொருவன் விடவில்லை: "தாள்ல பேரு எழுதுனா மார்க் தருவாங்களா? அது மாதிரிதான்." வகுப்பே சிரித்தது. அமைதியானதும் ஒரு சிறுமி சொன்னாள்: "அவளுக்கு எண்ணத் தெரியாம இல்ல டீச்சர். பயம். பயமா இருக்கும்போது நானும் தப்பாத்தான் எண்ணுவேன்."

அதன்பின் வந்த கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. "அந்தச் சபையில அவ்வளோ புலவர் இருந்தாங்களே. அவங்களும் எண்ணிட்டுத்தானே இருந்திருப்பாங்க? 'இன்னும் ஒண்ணு பாக்கி, உள்ள போ'னு ஒருத்தர் கூடவா சொல்லல? கம்பர் கூடவா?"

எத்தனையோ முறை இக்கதையைக் கேட்டிருக்கிறேன். என் தாத்தாவின் வாயாலேயே கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. கம்பர், முன்பொரு விருந்தில் மகன் அமராவதியைப் பார்த்துப் பாடத் தொடங்கியபோது, அது தெருவில் கிழங்கு விற்பவளைப் பற்றிய பாட்டு என்று முடித்து அவனைக் காப்பாற்றியவர். வாயுள்ள தந்தை. இந்த முறை ஏன் வாய் திறக்கவில்லை? வெரோனாவில் செவிலி வாய் திறக்காத அதே இடம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாகவே அங்கு வந்து நின்றது.

அன்று இரவே பெற்றோர் புலனக் குழுவில் ஒரு செய்தி. 'பள்ளியில் காதல் கதை சொல்லிக் கொடுப்பது சரியா? பிள்ளைகள் கெட்டுப் போகமாட்டார்களா?' அனுப்பியவர் ஒரு தந்தை. கீழே ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். மறுநாள் ஆசிரியர் அறையில் ஒருவர் எனக்கு அறிவுரை சொன்னார்: "கதையைச் சொல்லுங்க, தப்பில்ல. கடைசியில 'பெற்றோர் சொல் கேட்காததால் அழிந்தார்கள்'னு ஒரு நன்னெறி சேர்த்துட்டா பிரச்சினை இல்ல."

எனக்குச் சினம் மூட்டியவற்றுள் இதற்கே முதலிடம். அட்டவணையாவது சோம்பலின் பிள்ளை. இது பொய். அந்தத் தந்தையிடம் எனக்குக் கோபமில்லை. பிள்ளை கைப்பேசியில் என்ன பார்க்கிறது என்று தெரியாத அச்சம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அன்பரே, உங்கள் மகன் காதல் என்ற சொல்லை முதலில் என் வகுப்பில் கேட்டான் என்று உண்மையிலேயே நம்புகிறீர்களா? இருபத்துநான்கு மணி நேரமும் பாட்டும் படமும் அதைத்தானே ஊட்டுகின்றன? அங்கே காதலுக்கு விலை கிடையாது. மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். விலை கேட்கும் காதலை, பெரியவர்கள் பொறுப்பை உதறியதால் பிள்ளைகள் செத்த காதலை, ஓர் ஆசிரியை பக்கத்தில் நிற்கும்போது கேட்கட்டுமே. கபிலரைவிட நாம் ஒழுக்கசீலர்களா?

அந்த 'நன்னெறி'யும் புதிதன்று. மேலே சொன்ன ஆர்தர் புரூக், தம் நெடும்பாட்டின் முன்னுரையில் இதையேதான் எழுதினார்: முறையற்ற ஆசைக்கு ஆட்பட்டு, பெற்றோர் அறிவுரையை மதியாமல், குடிப்பேச்சுக்காரிகளையும் துறவிகளையும் நம்பிக் கெட்ட இருவரின் கதை இது, படித்துத் திருந்துக என்னும் பொருளில். ஷேக்ஸ்பியர் அந்தக் கதையை எடுத்துக்கொண்டார். அந்த முன்னுரையை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் நாடகத்தின் இறுதியில் வெரோனாவின் ஆட்சித்தலைவர், பகையைக் கண்டும் காணாமல் இருந்த தமக்கும் உறவினர் இருவரை இழந்த தண்டனை கிடைத்ததென்று ஒப்புக்கொள்கிறார். இரண்டு தந்தையரும் கைகொடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் மீது ஒருவரும் குற்றம் சாட்டவில்லை. ஷேக்ஸ்பியர் தூக்கிப் போட்டதை நாம் குப்பையிலிருந்து பொறுக்கி, துடைத்து, மீண்டும் பிள்ளைகள் தலையில் சூட்டுகிறோம். அதற்கு நன்னெறி என்று பெயர்!

*

கதையின் முடிவு கசந்தால் முடிவையே மாற்றிவிடும் காலம் இது. 2013-இல் தனுஷ் நடித்த இந்திப்படம் 'ராஞ்சனா', தமிழில் 'அம்பிகாபதி' என்ற பெயரில் வந்தது. (கம்பர் மகன் கதை அன்று, பெயர் மட்டும் அது.) 2025 ஆகஸ்டு 1-இல் அந்தத் தமிழ்ப்படத்தை மீண்டும் திரையிட்டார்கள், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, இறந்த நாயகன் கண்விழித்து எழுவதாக இறுதிக் காட்சியை மாற்றினார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். படம் மாறியபடியே ஓடியது. இதுவும் பழைய வேலைதான். 1681-இல் நேகம் டேட் என்பவர் 'லியர் மன்ன'னுக்கு மங்கல முடிவு எழுதினார். நூற்றைம்பது ஆண்டுக்காலம் ஆங்கிலேயர் பெரும்பாலும் அதையே பார்த்தார்கள். பதினேழாம் நூற்றாண்டு இலண்டனில் ரோமியோவும் ஜூலியட்டும் ஒருநாள் சாகும்படியும் மறுநாள் பிழைக்கும்படியும் மாறிமாறி நடிக்கப்பட்டதாக அக்கால அரங்கப் பணியாளர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அன்று ஒரு புலவரை அமர்த்தி எழுத வேண்டியிருந்தது. இன்று பொத்தான் போதும். நாளை ஒரு பிள்ளை, 'அமராவதி சரியாக எண்ணிய கதையைக் கொடு' என்று கேட்டால் கணினி நொடியில் கொடுக்கும். அந்தக் கதையில் யாரும் சாகமாட்டார்கள். 'புலவர்கள் ஏன் பேசவில்லை' என்று கேட்கவும் யாருக்கும் தோன்றாது.

*

ஆசிரிய நண்பர்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். நேரம் எங்கே? வினா அப்படித்தானே வருகிறது? மதிப்பெண் வாங்காவிட்டால் கேட்பது யாரை?

உண்மை. பண்புநலன் கேட்கும் வினா வந்தால் விடை எழுதத்தான் வேண்டும். அதைக் கற்பிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு நாளிகை போதும். மற்ற நாளிகைகளை அதற்கு ஏன் பலியிடுகிறோம்? உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று எத்தனை பயிலரங்குக்குப் போய் வந்தோம்! அங்கே கொடுத்த கோப்பு அலமாரியில் தூங்குகிறது. 'யார் மீது தவறு' என்ற மூன்று சொல்லுக்கு என்ன செலவு?

ஜான் பாதிரியார் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜூலியட் சாகவில்லை, உறங்குகிறாள் என்ற கடிதத்தை ரோமியோவிடம் கொண்டுபோக வேண்டியவர் அவர். கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டில் வைத்து அடைத்துவிட்டார்கள், கடிதம் போகவில்லை. முன்பெல்லாம் இதை விளக்க நான் திணறுவேன். 2020 மார்ச்சு 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு ஒரு சொல் விளக்கம் தேவைப்படவில்லை. வாசலில் தடுப்பு, ஊர் அடங்கிய தெரு, பாட்டியின் இறுதிச் சடங்குக்குப் போக முடியாத குடும்பம். எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அட்டவணையில் ஜான் பாதிரியாருக்கு இடமே இல்லை. அவருக்குப் பண்புநலன் இல்லையாம்! நஞ்சு விற்ற ஏழை மருந்துக்காரனுக்கும் இடமில்லை. சட்டப்படி அதை விற்றால் மரணதண்டனை என்று தெரிந்தும் நாற்பது பொற்காசுக்கு விற்கிறான். சம்மதிப்பது தானன்று, தன் வறுமை என்கிறான். அவனைப் பற்றி ஒரு பிள்ளையை ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். எங்கள் காப்பார் பிள்ளைகளுக்கு வறுமை பாடநூலில் வரும் சொல் அன்று.

பெற்றோருக்கும் ஒரு நினைவூட்டல். 2009-இல் எஸ்.பி.எம். பாடங்களுக்குப் பத்து என்று வரம்பு கட்ட முடிவானபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் கைநழுவிவிடும் என்று நம் அமைப்புகள் குரல் கொடுத்தன; கூடுதலாக அவ்விரண்டையும் எடுக்க வழி பிறந்தது. இலக்கியப் பாடத்துக்காக அப்படி வாதாடிய சமுதாயம் நாம். வாதாடிக் காத்ததை இரண்டு பத்தி அட்டவணையாக்கி விற்றுக்கொண்டிருக்கிறோம். இதைப் பார்த்து இலக்கியம் வேண்டாம் என்று ஒதுங்கும் பிள்ளையைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

என் மாணவியிடம் கோப்பைத் திருப்பிக் கொடுத்தேன். சூசனைப் பற்றிக் கேட்டேன். யார் சூசன் என்றாள். நாடகத்தைத் திறந்து அந்த இடத்தைக் காட்டினேன். படித்தாள்; மீண்டும் படித்தாள். "இது நோட்ஸ்ல இல்லையே டீச்சர்" என்றாள். தேநீர் ஆறிப்போயிற்று. இரவு அவள் தந்தை அழைத்துப்போக வரும்வரை செவிலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவள் துரோகி என்பதில் என் மாணவி உறுதியாக இருந்தாள். நான் உடன்படவில்லை. இன்னும் தீரவில்லை, அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

புலனக் குழுவில் கேட்ட அன்பருக்கு: பள்ளி திறந்த இரண்டாம் வாரம், புதிய ஆறாம் ஆண்டுக்கு அம்பிகாபதியை மீண்டும் சொல்லப்போகிறேன். தலைமையாசிரியரிடம் ஒப்புதல் கேட்டிருக்கிறேன். வகுப்பின் பின்வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். வந்து அமருங்கள். அந்தப் புலவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று பிள்ளைகள் உங்களையும் கேட்பார்கள்.